ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

ஐந்தாம் மாடிக்காரர் காபியை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணன் இருந்த காலத்தில், சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களை ஏதோ கொலைக் குற்றவாளிகளைப் போலப் பார்த்தவர் அவர். இப்போது அவரே இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். மூன்றாவது கரண்டிக்குக் கை போனபோது தங்கச்சி பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "டாக்டர் சொன்னாரு, எனக்கு சுகர் கொறஞ்சிருக்காம்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார். பாதிக் காபி மேடையிலேயே இருந்தது.

தங்கச்சி அதை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். வருத்தமாக இல்லை. கோபமாகவும் இல்லை. அடுத்த கப்பை எடுத்தாள்.

அந்தக் கடையில் ஆட்களை மாடியை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். பத்து மாடி அலுவலகக் கட்டிடம். கீழ்த்தளத்தில் லிஃப்டுகளுக்கு எதிரே, உள்ளே மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டுகிற அளவுக்கு ஒரு காபி மேடை. கல்லாவில் அண்ணி, மெஷினில் தங்கச்சி. அண்ணன் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டான், கட்டிடமே அதைப் பிடித்துக்கொண்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்து, கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை இன்னும் கசங்காத பையன்கள்கூட "தங்கச்சி, ஒரு காபி" என்பார்கள். அவளுக்கு நாற்பது நெருங்குகிறது. "யாருக்குடா தங்கச்சி?" என்று முன்பெல்லாம் சண்டைக்குப் போவாள். இப்போது போவதில்லை.

அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஒரு சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன் நிமிரவில்லை. நோய் நொடி என்று ஒரு நாள் படுத்த ஆளில்லை. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி போய்விட்டான்.

அன்றிலிருந்து தங்கச்சி அழவில்லை. அழக்கூடாது என்ற வைராக்கியமெல்லாம் கிடையாது, வரவில்லை, அவ்வளவுதான். வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது அவள் நாற்காலி போட்டாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், வழி தெரியாதவர்களுக்குப் போனில் வழி சொன்னாள். ஒரு அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "இவளுக்கு நெஞ்சு இருக்க வேண்டிய எடத்துல கல்லு இருக்கு," என்றாள். அதுவும் உறைக்கவில்லை. கல்லாக இருந்தால் கனமாவது தெரியுமே என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே ஒன்றுமே இல்லை. சாமான்களை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்ட வீடு மாதிரி இருந்தது. தட்டை முன்னால் வைத்தால் சாப்பிட்டாள். யாராவது வேடிக்கையாகப் பேசினால், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள். ஒரு தடவை பால் காய்ச்சும் நீராவிக் குழாயில் மணிக்கட்டு பட்டுக் கொப்புளமே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போதுதான் அதைப் பார்த்தாள்.

மெஷினைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையாத எஃகு உடம்பு, கப்புகளை அடுக்கிச் சூடாக்கத் தலையில் இடம், முன்னால் இரண்டு வாய். பொடி நிரப்பிய கைப்பிடியை அந்த வாயில் மாட்டிப் பொத்தானைத் தட்டினால், வெந்நீர் அசுர அழுத்தத்தோடு பொடிக்குள் புகுந்து காபியாக இறங்கும். ஆனால் எத்தனை பெரிய மெஷினாக இருந்தாலும் அது சொன்னதைச் செய்கிற ஆள்தான். காபியின் தலையெழுத்து பக்கத்தில் நிற்கும் கிரைண்டரில் இருக்கிறது. கொட்டையை ரொம்ப நைசாக அரைத்தால் தண்ணீருக்கு வழியில்லாமல் சொட்டுச் சொட்டாக விழுந்து கசந்து தொலையும். கொரகொரவென்று அரைத்தால் தடுக்க நாதியில்லாமல் பாய்ந்து வந்து, புளித்த வெந்நீராகக் கப்பை நிரப்பும். இரண்டுக்கும் நடுவில், அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, தேன் மாதிரி நிதானமாக இறங்க வேண்டும். கொட்டை வறுத்து எவ்வளவு நாளாயிற்று, பிளேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வெளியே வெயிலா மழையா, எல்லாவற்றுக்கும் தகுந்தபடி கிரைண்டரின் கழுத்தில் இருக்கும் நம்பர் போட்ட வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். காபி போடத் தெரிந்தவர்கள் காலையில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கை வைப்பது அந்த வளையத்தில்தான்.

தங்கச்சி ஐந்து மாதமாக அதைத் தொடவே இல்லை.

தெரியாமல் இல்லை. கொட்டையும் அரைப்பும் அண்ணன் பொறுப்பு, பாலும் நுரையும் இவள் பொறுப்பு என்றுதான் கடை ஓடியது. ஆனாலும் காலையில் முதல் காபியை வாயில் விட்டு "புளிக்குது", "இன்னும் ஒரு முடி நைசு" என்று தீர்ப்புச் சொல்வது இவள்தான். இரண்டு வயது மூத்தவன் என்றாலும் அவன் இவன் என்றுதான் பேசுவாள். அவன் திருப்புவான், இவள் உதட்டைப் பிதுக்குவாள், அவன் "உனக்கு நாக்கா அது?" என்று கத்திவிட்டு மறுபடி திருப்புவான். கட்டிடம் விழிப்பதற்கு முன்னால் அண்ணன் தங்கைக்குள் ஒரு ரவுண்டு சண்டை முடிந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து கடையை மறுபடி திறந்த காலையில், வளையத்தின் முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், எட்டை ஒட்டி நின்றது. அவன் கடைசியாகத் திருப்பிவிட்டுப் போன இடம். அவன் சட்டைகளை அதற்குள் யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. அவன் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள். அவன் கை வைத்தது வைத்தபடி உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு முள்தான். தங்கச்சி கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துவிடும், முக்கியமாகத் தனக்கே தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

வளையம் நின்ற இடத்தில் நின்றது, மற்றதெல்லாம் நகர்ந்தது. வெயில் போய் மழை வந்தது. கொட்டை வியாபாரி வேறு தோட்டத்துக் கொட்டையை அனுப்பினான். பிளேடு மழுங்கிக்கொண்டே போயிற்று. காபி நாளுக்கு நாள் வேகமாகப் பாய்ந்தது. அவள் பொடியைக் கூடுதலாகத் திணித்துப் பார்த்தாள். உடம்புப் பாரம் முழுவதையும் தோளில் இறக்கி அழுத்திப் பார்த்தாள். கூரை ஒழுகும்போது ஓட்டையை விட்டுவிட்டு வாளிமேல் வாளியாக வைப்பார்களே, அந்தக் கதைதான். எட்டாம் மாடி முழுவதும் வெளியே தெருமுனைக் கடைக்குப் போக ஆரம்பித்தது. இரண்டாம் மாடி வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்தது, அதையும் கடை வழியாகவே, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

போன வாரம்வரை கண்டும் காணாமல் இருந்த பில்டிங் மேனேஜர் நேற்று மத்தியானம் வந்து நின்றார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். நேற்று இரண்டு பேருடைய உடம்பையும் விசாரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. மாடிக்காரங்க எல்லாரும் சொல்றாங்க. இந்தப் பொத்தானை அமுக்கினா தானா காபி வர்ற மெஷின் இருக்குல்ல, அத இங்க வச்சிடலாம்னு பேச்சு. நாளைக்குக் காலையில நானும் ரெண்டு பேரும் வர்றோம். ஒரு தடவை குடிச்சுப் பார்க்கறோம். நல்லா இருந்தா நான் ஏன் பேசப்போறேன்?"

"சரிங்க," என்றாள் தங்கச்சி.

அவர் தலை மறைந்ததும் அண்ணி கல்லாவைப் படாரென்று மூடினாள். "சரிங்களா? கடை கையை விட்டுப் போகுதுன்னு சொல்றாரு, நீ சரிங்கன்றே?"

"வேற என்ன அண்ணி சொல்றது?"

"ரெண்டு வார்த்தை கெஞ்சு. இல்ல, சண்டை போடு. உங்க அண்ணனா இருந்தா இந்நேரம் அந்த ஆளு முதுகுல காபி வழிஞ்சிருக்கும்."

"அவன் இல்லியே," என்றாள் தங்கச்சி, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப்போல.

அண்ணி போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

மெக்கானிக் இன்று காலை கட்டிடம் திறந்ததுமே வந்துவிட்டார். பருத்த ஆள், மேடைக்குப் பின்னால் வருவதற்கே பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு வந்தார். மெஷினைத் தட்டிக்கொடுத்து, "என்னடா தம்பி, உன்னத் திட்டறாங்களாமே," என்று விசாரித்தார். தானே ஒரு கைப்பிடியில் பொடி பிடித்து, அழுத்தி, மாட்டி, பொத்தானைத் தட்டினார். காபி சடசடவென்று வெளுத்துக் கொட்டியது. அவர் குடிக்கக்கூட இல்லை.

"இது காபி இல்லம்மா, குளிக்கிற தண்ணி." பொடியை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். "மணல் மாதிரி இருக்கு. மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல. கிரைண்டர்ல பிளேடு மழுங்கிடுச்சு. உங்க அண்ணன்கிட்டயே சொன்னேன், மாத்துங்கன்னு. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்னு இழுத்துக்கிட்டே இருந்தாரு. நான் புதுசு கொண்டுவந்திருக்கேன்." பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பிளேடை எடுத்து வைத்துவிட்டு, வளையத்தைக் கழற்றக் கையை வைத்தார்.

தங்கச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அத தொடாதீங்க."

"தொடாம எப்படிம்மா? கழுத்தைக் கழட்டினாத்தானே பிளேடு வெளிய வரும்?"

"அந்த நம்பர் மாறக்கூடாது."

மெக்கானிக் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "புது பிளேடு போட்டா அந்த நம்பருக்கு அர்த்தமே கெடையாதும்மா. எல்லாம் முதல்லேர்ந்து பார்க்கணும்."

"அப்ப பிளேடே வேணாம். நீங்க கெளம்புங்க."

அண்ணி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். "என்னடி பேசறே நீ? இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்க வந்து நிக்கப்போறாங்க. வீட்டுல அடுப்பு எரியறதே இந்தக் கடையாலதான். நாளைலேர்ந்து நீயும் நானும் என்ன பண்றதா உத்தேசம்?"

"கடை போனா போகட்டும் அண்ணி."

"போகட்டுமா?"

"இது அவன் வச்சது." தங்கச்சியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மெக்கானிக்கின் கையை மட்டும் இன்னும் விடவில்லை. "ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல. கடைசி நாள் அவன் திருப்பி வச்சது. வச்சது வச்சபடி இருக்கு. நான் தொடல. யாரும் தொட வேணாம்."

அண்ணி வளையத்தைப் பார்த்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். மறுபடி வளையத்தைப் பார்த்தாள். பிறகு பால் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி," என்றாள். "அத வச்சது நான்."

பிளேடு சுற்றிய காகிதம் மட்டும் காற்றில் சரசரத்தது.

"கடை மூடிக் கெடந்தப்ப நான் ஒரு நாள் வந்தேன். வீட்டுல இருக்க முடியல, வந்தேன். உள்ள கொட்டை அப்படியே கெடந்து எண்ணெய் நாத்தம் தாங்கல. வாரிக் கொட்டிட்டு, இந்தக் கழுத்தைக் கழட்டி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, தொடச்சு மறுபடியும் மாட்டினேன். அவர் எந்த நம்பர்ல வச்சிருந்தாருன்னு நான் பார்க்கவே இல்ல. திருப்பினேன், கை வலிச்ச எடத்துல விட்டேன்."

"சொல்லவே இல்லியே அண்ணி."

"என்னத்தச் சொல்றது? எப்படியும் மறுநாள் நீ திருப்பத்தானே போறேன்னு நெனச்சேன். உங்க அண்ணன் ஒரு நாளாவது அத நின்ன எடத்துல நிக்க விட்டிருக்காரா? காலையில ஒரு தடவை, மழை வந்தா ஒரு தடவை, உன் மூஞ்சி கோணினா ஒரு தடவை." அண்ணி ஒரு தடவை இருமிக்கொண்டாள். "நீ அத தொடாம இருக்கறதப் பார்த்து, உனக்கு இந்தக் கடையே வேணாம் போலிருக்கு, என்கூட நிக்கப் பிடிக்கல போலிருக்குன்னு நான் நெனச்சிட்டிருக்கேன். வாயைத் தெறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

மெக்கானிக் தன் பைக்குள் தலையை விட்டு, இல்லாத ஸ்பேனரை மும்முரமாகத் தேடினார்.

தங்கச்சி அந்த முள்ளைப் பார்த்தபடி நின்றாள். இதற்காகவா ஐந்தாம் மாடிக்காரரைச் சர்க்கரை போட்டுக் குடிக்க வைத்தோம், இதற்காகவா ஒரு கட்டிடத்தையே விரட்டியடித்தோம் என்று யோசித்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. தூக்கிக்கொண்டு நின்ற பையை இறக்கி வைக்கச் சொன்னதுபோல இருந்தது. மெக்கானிக்கின் கையை விட்டாள்.

"மாத்துங்க," என்றாள்.

அவர் வளையத்தைக் கழற்றினார், பழைய பிளேடைப் பிடுங்கினார், துடைத்தார், புதியதைப் பூட்டினார். புது உலோகத்தின் வாசனை போவதற்காக ஒரு குத்துக் கொட்டையைச் சும்மா அரைத்துக் கொட்டினார். "இனி உங்க பாடும்மா," என்று ஒதுங்கிக்கொண்டார்.

தங்கச்சி வளையத்தின்மேல் கை வைத்தாள். கோயில் மாதிரி காத்த சாமான், ஒரு மறுப்பும் சொல்லாமல் திரும்பியது. முதல் காபி இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துக் கருப்பாகச் சொட்டியது, தொட்டியில் கொட்டினாள். கொஞ்சம் விட்டுக் கொடுத்தாள். இரண்டாவது அவசரப்பட்டு ஓடி வந்தது. ஒரு முடி இறுக்கினாள். பொடியைத் தராசில் நிறுத்தாள், கையால் பரவவிட்டாள், அழுத்தும் குமிழை நேராக வைத்து ஒரே ஒரு அழுத்து, அவ்வளவுதான். இத்தனை நாள் போட்ட குஸ்தி தேவைப்படவில்லை. கைப்பிடியை மாட்டிப் பொத்தானைத் தட்டினாள். சில நொடி ஒன்றுமில்லை. பிறகு கைப்பிடிக்கு அடியில் இருக்கும் இரண்டு மூக்கிலிருந்தும் ஒரே நேரத்தில், கரும்பழுப்பாக, மெல்லிய இழையாக இறங்கியது. இழை வெளுக்க ஆரம்பித்த நொடியில் நிறுத்தினாள். கைப்பிடியைக் கழற்றித் தட்டினாள். சக்கை உடையாமல் ஒரே வில்லையாக விழுந்தது.

ஒரு கப்பை அண்ணியிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தான் எடுத்தாள்.

முதலில் கசப்பு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு, சர்க்கரையைக் கருக்கினால் வருமே அந்த இனிப்பு வந்தது. விழுங்கிய பிறகும் போகாமல் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. ஐந்து மாதத்தில் எதுவும் இப்படி வாய்க்குள் வந்து தன் பேரைச் சொன்னதில்லை.

அண்ணிக்குக் காபியின் நுணுக்கம் ஒன்றும் தெரியாது. நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். குடிக்கிறவர்களுக்கு அது போதும். அவள் கப்பைக் காலி செய்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்த நுரையையும் பார்த்தாள்.

"அவர் போட்டதவிட நல்லா இருக்குடி," என்றாள்.

"புது பிளேடும்மா," என்றார் மெக்கானிக், தன் பங்கை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"பிளேடு என்ன பிளேடு? போட்டது நான்," என்றாள் தங்கச்சி. பழைய குரல் அது. சொல்லிக்கொண்டே, அண்ணனுடைய மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க இடது பக்கம் திரும்பினாள்.

அங்கே பால் ஃபிரிட்ஜ் இருந்தது. அதன் கதவில் துடைக்கும் துணி தொங்கியது.

அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அது ஊரார் சொன்ன சேதியாக இருந்தது. எல்லோரோடும் சேர்ந்து இவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு நல்ல காபி இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளாமல் கத்துவதற்கு ஆள் இல்லை. இனி எத்தனை நல்ல காபி போட்டாலும் இல்லை. கப் கையிலிருந்து மேடைக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது, அழகில்லாத, மாட்டுக் குரல் போன்ற சத்தம். மெஷினின் சூடான எஃகு முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். நெற்றி சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தது.

மெக்கானிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து பில்டிங் மேனேஜர், பின்னால் இரண்டு மாடிக்காரர்களோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். மேடைக்கு முன்னால் வந்தவர், கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயையோ, என்னம்மா ஆச்சு? உடம்புக்கு ஏதாவது... நாங்க வேணா இன்னொரு நாள்..."

அண்ணி முந்தானையால் தன் கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். மெஷின் தலையில் சூடேறிக்கொண்டிருந்த கப்புகளில் மூன்றை எடுத்து, மேடையில் வரிசையாக வைத்தாள்.

"எங்கயும் போகாதீங்க, நில்லுங்க," என்றாள். "அவ அழுது முடிச்சிட்டுப் போடுவா."